எல்லோருக்கும் இடம் உண்டு, அப்புறம்?

கேள்வி: அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளில் விண்ணப்பித்த எல்லோருக்கும் இடம் கிடைக்குமாம். கட்-ஆஃப் கிடையாது, சேர்க்கைக்குத் தேர்வும் கிடையாது. அப்படியிருக்க, அங்கே 'பன்மை, சமத்துவம், எல்லோரையும் உள்ளடக்குதல்' என்று தனி அலுவலகம், அதிகாரி, பயிற்சி வகுப்பு எல்லாம் எதற்கு? வெறும் அலங்காரம்தானே? டிரம்ப் அதை இழுத்து மூடியதில் என்ன தவறு?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அலங்காரம் என்று நீங்கள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கம்யூனிட்டி காலேஜில் ஓர் அறையைப் பூட்டக்கூட அதிபருக்கு அதிகாரமில்லை. அவற்றை நடத்துவது மாநிலமும் அந்தந்த வட்டார நிர்வாகக் குழுவும். வாஷிங்டனிடம் இருப்பது பணப்பை மட்டும். அலுவலகங்களைச் சட்டம் போட்டு மூடியவை டெக்சஸ் போன்ற மாநிலங்கள். டெக்சஸ் சட்டம் 2024 ஜனவரி 1 அன்றே, டிரம்ப் மறுபடி பதவிக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, அமலுக்கு வந்துவிட்டது.

இனி உங்கள் கேள்வி. நம் ஊரில் சண்டை வாசலில் நடக்கிறது. யாருக்கு எத்தனை இடம், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு கட்-ஆஃப் என்று. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கம்யூனிட்டி காலேஜில் பிரச்சினையே இல்லை என்றுதான் தோன்றும். கல்யாண மண்டபத்துக்குள் எல்லோரையும் விட்டாயிற்று, சரி. பந்தியில் யார் இலைக்கு எது வந்து சேர்கிறது?

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 116 கம்யூனிட்டி காலேஜ்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சேர வருகிற பிள்ளையை முதல் நாளே கணினி முன் உட்காரவைத்து கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு தேர்வு வைப்பார்கள். 'இது சும்மா, எந்த வகுப்பில் போடுவது என்று பார்க்கத்தான்' என்பார்கள். பின்னக் கணக்கைத் தொட்டு இரண்டு வருடமான பிள்ளை, ஒன்றும் திருப்பிப் பார்க்காமல் வந்து உட்காரும். மதிப்பெண் குறைந்தால் கல்லூரிக் கணக்குக்கு மூன்று படி கீழே உள்ள வகுப்பில் போட்டுவிடுவார்கள். கட்டணம் உண்டு, நேரமும் போகும்; பட்டத்துக்கு அது சேராது.

மூன்று படிதானே, ஏறிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் 100-க்கு 70 பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 85 சதவீதம் பேர் அடுத்த படிக்குப் பெயர் கொடுக்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முதல் படியில் 70 பேர் தேறி, அடுத்ததற்கு வருவது 60-க்குக் கொஞ்சம் குறைவு. அதில் 42 பேர் தேறுவார்கள், அடுத்ததற்கு 35 பேர் வருவார்கள். அதில் 25 பேர் தேறி, கல்லூரிக் கணக்கில் உட்காருவது 21 பேர். கடைசியில் தேறுவது 15 பேர். யாரையும் யாரும் விரட்டவில்லை, எந்த ஆசிரியரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆனாலும் 85 பேர் காணாமல் போனார்கள். அந்தக் கீழ்ப்படிகளில் அளவுக்கு மீறி நிறைந்திருந்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளும்.

இதைச் சரிசெய்ததுதான் உண்மையான சமத்துவ வேலை. 2017-இல் கலிஃபோர்னியா ஏ.பி. 705 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு மணி நேரத் தேர்வை விட்டுவிட்டு, உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டு வாங்கிய மதிப்பெண்ணைப் பார் என்றது. எந்தப் பிள்ளை தேறும் என்பதை அதுதான் நன்றாகக் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நேராகக் கல்லூரிக் கணக்கிலேயே சேர்த்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கூடவே துணை வகுப்பும் வைப்பதுதான் இப்போதைய வழி. ஆங்கிலத்தில் இதற்கு முன்னோடி மேரிலாந்தின் பால்டிமோர் கவுன்டி கம்யூனிட்டி காலேஜ். அங்கே 2007-இல் தொடங்கியபோது, 20 பேர் கொண்ட கல்லூரி ஆங்கில வகுப்பில் 8 இடம் பழைய முறையில் கீழ் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்களுக்கு. வகுப்பு முடிந்ததும் அந்த 8 பேரும் அதே ஆசிரியரோடு இன்னொரு வகுப்புக்கு உட்காருவார்கள்.

'அதே ஆசிரியர்' என்பதில்தான் சூட்சுமம். பல கல்லூரிகள் இதைக் காப்பியடித்துக் கெடுத்தது இங்கேதான். துணை வகுப்பை வேறொருவரிடம் கொடுப்பார்கள். காலையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்குப் பயிற்சித்தாள் கொடுத்துக்கொண்டிருப்பார். அல்லது முதன்மை வகுப்பு காலை 9 மணிக்கு, துணை வகுப்பு மதியம் 3 மணிக்கு என்று போடுவார்கள். இரண்டு மணிக்குக் கடை வேலைக்குப் போகிற பிள்ளை எப்படி வரும்? ஆசிரியர்கள் தரப்பில் ஒரு நியாயமான குறையும் உண்டு. வகுப்பில் தோற்கிறவர்கள் முன்பைவிட அதிகம் என்கிறார்கள். உண்மைதான். முன்பு அவர்கள் இந்த வகுப்பு வரை வந்து தோற்கவே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள். எண்ணிக்கையை வகுப்பறை வாசலில் தொடங்காதீர்கள், கல்லூரி வாசலில் சேர்ந்த 100 பேரிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் அதற்குப் பதில்.

அடுத்தது பணம். பேச்சில் அடிபடுவது கல்விக் கட்டணம். ஆளை வீழ்த்துவதோ பெரும்பாலும் அது அல்ல. கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட் பாடத்துக்கு 138. வசதியில்லாதவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. ஆனால் அந்தப் பாடத்தின் புத்தகமும் வீட்டுப்பாடம் செய்வதற்கான இணையக் குறியீடும் சேர்ந்து கட்டணத்தையே தாண்டிவிடும். புத்தகத்தைப் பழையதாக வாங்கலாம், குறியீட்டை வாங்க முடியாது. பருவம் முடிந்ததும் அது செத்துப்போகும். இதற்காகத்தான் புத்தகச் செலவில்லாத வகுப்புகளைக் கால அட்டவணையிலேயே அடையாளமிட்டுக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. சின்ன அடையாளம்தான், ஆனால் பெயர் கொடுக்கும்போதே கண்ணில் படுகிறது.

இதைவிடக் கொடுமையான ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் பேசமாட்டார்கள். மத்திய அரசின் பெல் உதவித்தொகையில் படிக்கும் ஒரு தாய். பருவம் 16 வாரம். ஆறாவது வாரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் நின்றுவிடுகிறார், இவளும் எல்லாப் பாடத்தையும் விட்டுவிடுகிறாள். பருவத்தில் 60 சதவீதம், அதாவது ஏறக்குறைய பத்தாவது வாரம், தாண்டுமுன் விலகினால் உதவித்தொகையின் மீதிப் பங்கு திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. கல்லூரி தன் பங்கைத் திருப்பிக் கட்டிவிட்டு, அதை இவள் பெயரில் பாக்கியாக எழுதிக்கொள்கிறது. அடுத்த பருவம் குழந்தைக்கு வழி கிடைத்துத் திரும்பி வந்தால், கணினித் திரையில் 'பாக்கி உள்ளது, பதிவு செய்ய இயலாது' என்று நிற்கிறது. சில நூறு டாலர். படிப்பு அத்தோடு சரி.

இதற்கு மருந்து சொற்பொழிவு அல்ல. பாக்கி எத்தனை டாலரைத் தாண்டினால் பதிவைத் தடுப்பது என்ற வரம்பை உயர்த்தலாம். விலகல் படிவத்தைக் கையில் கொடுக்குமுன் உதவித்தொகை ஜன்னலில் ஒரு கையெழுத்து வாங்கிவரச் சொல்லலாம், 'இன்னும் நான்கு வாரம் தாக்குப்பிடித்தால் பாக்கி வராது' என்று அங்கே ஒருவர் சொல்வதற்காக. அவசர உதவிப் பணம் என்று ஒன்று வைத்திருந்தால் அதன் படிவம் ஒரு பக்கத்தோடு முடிய வேண்டும், பணம் இரண்டு நாளில் கைக்கு வர வேண்டும். உன் கஷ்டத்தை 500 சொல்லில் எழுது என்று கேட்கிற கல்லூரிகள் உண்டு. வாடகைக்கு வழியில்லாதவளிடம் கட்டுரைப் போட்டி நடத்துகிறார்கள். டெக்சஸின் அமரில்லோ கல்லூரி தன் மாணவர்களிடமே என்ன தடை என்று கேட்டது. மேலே வந்தவை சாப்பாடு, வாடகை, குழந்தை பராமரிப்பு, போக்குவரத்து, பாடம் அல்ல. அந்தக் கல்லூரி உணவுக் கிடங்கும் சமூகப் பணியாளர்களும் கொண்ட உதவி மையம் ஒன்றை நடத்துகிறது, பெரும்பாலான பாடங்களை எட்டு வாரப் பருவமாகவும் மாற்றியது. இடையில் ஒரு இடி விழுந்தாலும் எட்டு வாரம்தான் போகும். ஆனால் அங்கே ஒரு வாரம் தவறினால் இரண்டு வாரப் பாடம் போச்சு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நல்ல எண்ணம், பலன் உண்டா என்பீர்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007-இல் ஏ.எஸ்.ஏ.பி. என்ற திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் பார்க்க வேண்டும். பார்த்தால் அந்த மாதத்துக்கு மெட்ரோ கார்டு, அதாவது பேருந்து, ரயில் பயண அட்டை, இலவசமாகக் கிடைத்தது. புத்தகத்துக்கும் கட்டணத்தில் விழும் துண்டுக்கும் உதவி. ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். அதே கல்லூரிகளில் மற்றவர்களுக்கு ஓர் ஆலோசகருக்கு 600-லிருந்து 1,500 வரை. குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22. ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடுதல்தான், ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்துவிட்டது. யாருடைய இனத்தையும் கேட்டு மெட்ரோ கார்டு கொடுக்கவில்லை. குறை என்று பார்த்தால், முழுநேரம் படிக்க முடியாத வேலைக்காரப் பிள்ளைகள் இதற்கு வெளியே நின்றார்கள்.

இப்போது நீங்கள் சொன்ன அலங்காரத்துக்கு வருகிறேன். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரக்காரர்கள். திங்கள் ஒரு கல்லூரி, செவ்வாய் இன்னொன்று என்று காரிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள். மாணவரைத் தனியே சந்திக்கும் நேரத்துக்குப் பலருக்குச் சம்பளமே கிடையாது. ஆண்டுக்கொருமுறை நடக்கும் கட்டாயப் பன்மைப் பயிற்சிக்கு அவர்கள் வரமாட்டார்கள், வரவும் முடியாது. வருவது நிரந்தர ஆசிரியர்கள், அதிலும் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்தபடி. முதல் பருவ மாணவர் சந்திக்கப்போவதோ பெரும்பாலும் அந்த வராதவரைத்தான். பயிற்சிக்குக் கொட்டிய பணத்தில் பகுதிநேர ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் மாணவரைச் சந்திக்கச் சம்பளம் கொடுத்திருக்கலாம். இந்த அலங்காரத்துக்காக நான் வாதாடப்போவதில்லை.

ஆனால் இதை எதிர்த்தவர்கள் அலங்காரத்தோடு நிற்கவில்லை. மாணவர்களில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் லத்தீன் அமெரிக்க வழியினர் உள்ள கல்லூரிகளுக்கு மத்திய அரசின் தனி நிதி உண்டு. கம்யூனிட்டி காலேஜ்கள் பல இந்தப் பட்டியலில் உள்ளவை. அந்த நிதியில் நடந்த பாடத்துணை மையத்திலும் ஆய்வகத்திலும் வெள்ளைக்காரப் பிள்ளையும் உட்கார்ந்தது. 2025 செப்டம்பரில் இந்த வகை நிதிகளில் சுமார் 35 கோடி டாலரை டிரம்ப் அரசின் கல்வித் துறை நிறுத்தியது. பெயர்ப்பலகை போனதில் எனக்கு வருத்தமில்லை. துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தவர் வேலை இழந்ததில் இருக்கிறது.

'இனத்தைப் பார்த்துச் சலுகை' என்ற குற்றச்சாட்டும் கலிஃபோர்னியாவில் எடுபடாது. அரசுக் கல்லூரியில் இனம், பாலினம் பார்த்து முன்னுரிமை தரக்கூடாது என்று அங்கே 1996-லேயே வாக்கெடுப்பில் முடிவாகிவிட்டது. ஹேவர்டில் உள்ள சபோட் கல்லூரியில் 1981-இல் தொடங்கிய புவென்டே திட்டம், லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான்: எழுத்து வகுப்பு, ஆலோசகர், ஊர்ப் பெரியவர் ஒருவரின் வழிகாட்டல். ஆனால் யார் வேண்டுமானாலும் சேரலாம். சட்டம் தடுப்பது ஆளைப் பிரிப்பதை, கணக்கெடுப்பதை அல்ல. டெக்சஸ் சட்டமே புள்ளிவிவரம் சேகரிப்பதற்கு விலக்கு தருகிறது.

அந்தப் புள்ளிவிவரத்திலும் ஒரு கோளாறு, நமக்குச் சம்பந்தமுள்ளது. அறிக்கையில் 'ஆசியர்' என்று ஒரே பத்தி இருக்கும், தேர்ச்சி விகிதம் அமோகமாகத் தெரியும். பொறியாளர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும், லாங் பீச்சில் அகதியாக வந்து குடியேறிய கம்போடியர் வீட்டுப் பிள்ளையும், லாவோஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த மோங் இனத்தாரின் ஃப்ரெஸ்னோ பிள்ளையும் அந்த ஒரே பத்தியில். நம் பிள்ளையின் மதிப்பெண் மற்ற இருவரின் தோல்வியை மூடிவிடுகிறது. பத்தியைப் பிரித்துக் காட்டாத அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த அலுவலகம் இருந்தும் பயனில்லை.

உங்கள் ஊர்க் கல்லூரி நிர்வாகி யாராவது இதைப் படித்து, நாமும் ஏதாவது செய்யலாமே என்று கேட்டால், குழு போடுமுன் ஒரு மாலை ஆறரை மணிக்குக் கல்லூரியைச் சுற்றிவரச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த மாணவர்கள் வகுப்பில் இருப்பார்கள். உதவித்தொகை ஜன்னல், அடையாள அட்டை ஜன்னல், ஆலோசகர் அறை, எல்லாம் ஐந்து மணிக்கே பூட்டியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் அந்த ஜன்னல்களில் ஒன்றை ஏழரை வரை திறந்துவைக்க ஓர் ஊழியரின் பணிநேரத்தை மதியத்துக்கு மாற்றினால் போதும். டெக்சஸில்கூட அதற்குத் தடை கிடையாது.