குளிர்நீரில் கயாக்: எதை உடுத்துவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்க நெருங்க எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. நியூசிலாந்து போகிறோம், ஸ்காட்லாந்து போகிறோம், அங்கே கயாக் ஓட்டப் போகிறோம், என்ன உடுப்பு வாங்குவது? கேட்பவர்களில் பலர் இங்கே பத்து பெரிங்கியிலும் தெலுக் பஹாங்கிலும் துடுப்புப் பிடித்துப் பழகியவர்கள். நம் பினாங்குக் கடல்நீர் ஆண்டு முழுக்க 28, 30 டிகிரி. கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறிவிடுகிறோம். அதே நினைப்போடு 12 டிகிரி நீரில் இறங்கப் போகிறவர்களை எண்ணினால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் இந்தத் தடவை குளிர்நீர் உடுப்புக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி: டிசம்பரில் நியூசிலாந்தில் கோடைக்காலம்தானே அண்ணே? மில்ஃபர்ட் சவுண்டில் அரை நாள் கயாக் பயணத்துக்குப் பதிந்திருக்கிறோம். டீ-சட்டை, டிராக் பேன்ட், மேலே லைஃப் ஜாக்கெட், இது போதுமா?

போதாது, தங்கச்சி. வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். கரையில் வெயில் 20 டிகிரி அடித்தாலும், மலைகளுக்கு நடுவே உள்ள அந்தக் கடல் இடுக்கில், மலையிலிருந்து இறங்கி வரும் நீர் கோடையிலும் நடுங்க வைக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனாலே அதைக் குளிர்நீர் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் நீர் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

"விறைத்துப்போக நேரம் ஆகுமே, அதற்குள் ஏறிவிடலாம்" என்று பலர் சொல்கிறார்கள். விறைக்க நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த விறைப்பு இல்லை, முதல் நிமிடம்தான். குளிர்நீர் சட்டென்று தோலில் பட்டதும் வாய் தானாகத் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அதை நம்மால் தடுக்க முடியாது. அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அதன் பிறகு மூச்சு இரைக்கும், இதயம் படபடக்கும், பயம் பிடிக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவந்து நிதானத்துக்கு வர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். இது உறைநீரை ஒட்டிய ஒரு பொதுக்கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எது முதலில் வரும், எது பிறகு வரும் என்பதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடுப்பு முதல் நிமிடத்தின் அதிர்ச்சியைக் குறைக்கும், அடுத்த பத்து நிமிடத்தை நீட்டித் தரும். லைஃப் ஜாக்கெட் அந்த முதல் நிமிடத்தில் தலையை மேலே வைத்திருக்கும்.

உங்கள் டீ-சட்டையும் டிராக் பேன்ட்டும் பருத்தியாக இருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். பருத்தி நீரைக் குடித்துக்கொண்டு விடாது, ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். மெல்லிய கம்பளி உள்ளுடையோ பாலியஸ்டர் தெர்மலோ எடுத்துப் போங்கள். பயணம் நடத்துபவர்களிடம் இன்றே எழுதிக் கேளுங்கள்: வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நுரை உடுப்பு) தருவார்களா, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், உங்கள் அளவு இருக்கிறதா. மில்ஃபர்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்யும், அதனால் மேலே நீர் புகாத ஜாக்கெட் ஒன்றும் கட்டாயம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் சொல்லத் தயங்குகிறவர்களோடு கடலில் இறங்க வேண்டாம்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: வெட்சூட், டிரைசூட் இரண்டுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகிறேன். எதை வாங்கலாம்?

வெட்சூட் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் நுரையால் ஆனது. உள்ளே புகுந்த நீர் சூடாகி நம்மைக் காக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் காப்பது அந்த நுரைக்குள் அடைபட்ட சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கண்டுகொண்டது இதைத்தான். உள்ளே வரும் நீர் கொஞ்சமாக இருந்து, அசையாமலும் இருந்தால் போதும். அது வந்து போய்க்கொண்டிருந்தால்தான் ஆபத்து. ஆகவே வெட்சூட்டுக்குத் தடிமனைவிட முக்கியம் உடம்போடு ஒட்டிய அளவு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்துத் தென்தீவின் ஓர் ஏரியில் கயாக் வாடகைக்கு எடுத்தேன். என் அளவு வெட்சூட் இல்லை என்று ஒரு சைஸ் பெரியதைக் கொடுத்தார்கள். பரவாயில்லை என்று மாட்டிக்கொண்டேன். முதுகில் ஒரு கைப்பிடி அளவு துணி தொளதொளவென்று நின்றது. கவிழ்ந்ததும் கழுத்து வழியே இறங்கிய நீர் முதுகெலும்பு நெடுக ஓடியது. ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் பழைய நீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே வந்தது. கரைக்கு வந்தபோது என் பெயரைக் கேட்ட நண்பருக்குக் குழறாமல் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இடுப்பிலும் முதுகிலும் இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்காமல் நான் வெட்சூட் போடுவதில்லை. துணி மடிந்து கையோடு வந்தால் அந்த அளவு வேண்டாம்.

டிரைசூட் வேறு வகை. நீர் புகாத துணி, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டை. உள்ளே நீரே வராது. ஆனால் அந்தத் துணிக்குச் சூடு கிடையாது. சூடு கொடுப்பது உள்ளே நீங்கள் போடும் கம்பளியும் ஃபிளீஸும்தான். டிரைசூட் இருக்கிறதே என்று உள்ளே மெல்லிய பனியன் மட்டும் போட்டுப் போகிறவர்கள் உலர்ந்தபடியே நடுங்குவார்கள். மாட்டியதும் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் கவிழும்போது காற்று கால்பக்கம் போய்ச் சேர்ந்து மிதப்பைக் கெடுக்கும்.

ஸ்காட்லாந்தில் ஆண்டு முழுக்க ஓட்டப்போகிறாய் என்றால் என் பதில் டிரைசூட். வியர்வை ஆவியை வெளியே விடும் துணியில் நல்லது நாலைந்தாயிரம் வெள்ளிக்குக் குறையாது, மாணவனுக்கு அது பெரிய பணம். முதல் ஆண்டு பல்கலைக்கழகக் கயாக் சங்கத்தில் இரவல் கிடைக்குமா என்று விசாரி. கோடையில் மட்டும், கரையை ஒட்டி, துணையோடு என்றால் 3 மில்லிமீட்டர் கையில்லாத வெட்சூட்டும் மேலே நீர் புகாத ஜாக்கெட்டும் போதும். கையில்லாததை ஃபார்மர் ஜான் என்பார்கள், துடுப்பு போடத் தோள் கட்டுப்படாமல் இருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு வாசகி: டிரைசூட்டின் கழுத்துப் பட்டைக்குள் தாலிக்கொடி, பின்னல் இதெல்லாம் எப்படிச் சமாளிப்பது? கேட்க ஆளில்லை.

கேட்டதற்கு நன்றி, அம்மா. இதை விளக்கும் கையேடு எதையும் நான் கண்டதில்லை. என் மனைவிக்கு நாங்கள் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு முடியோ சங்கிலியின் ஒரு கண்ணியோ பட்டைக்கும் தோலுக்கும் நடுவே சிக்கினாலும் அந்த இடுக்கு வழியாக நீர் கசியும். தாலிக்கொடி பட்டைக்குக் கீழே, கழுத்தடியில் படுத்திருக்க வேண்டும், பட்டைக்கும் தோலுக்கும் நடுவே அல்ல. கனமான தங்கக் கொடி தலையை நுழைக்கும்போது பட்டையில் மாட்டி அதைக் கிழித்துவிடும். என் மனைவி அந்தப் பயணத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டார். கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் விருப்பம், கயிறு ஒரு வழி. தோடு, ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள். மோதிரமும் வேண்டாம், குளிரில் விரல் சுருங்கினால் நழுவிப் போகும். மெட்டிக்கு மேலே தடித்த கம்பளிக் காலுறை போட்டுவிட்டுப் பிறகு சூட்டின் காலை நுழையுங்கள். முடியைத் தளர்வாக அல்ல, இறுக்கமாகப் பின்னி, தாழ்வான கொண்டையாக்கி, நீச்சல் தொப்பி போட்டுக்கொண்டு தலையை நுழைத்தால் ஒரு முடி சிக்காது.

சூட்டைக் கழற்றாமலே சிறுநீர் கழிக்க, பெண்களுக்கென்று இடுப்புப் பின்பக்கம் ஜிப் வைத்த டிரைசூட் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதல் பணம், ஆனாலும் அதையே வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், குளிரில் அது இன்னும் ஆளைச் சோர வைக்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: நண்பரிடம் பழைய டிரைசூட் வாங்கினேன். கழுத்து ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கழுவினால் சரியாகுமா?

ஆகாது. அது லேடெக்ஸ், நம் கித்தா மரத்துப் பால்தான். என் அம்மா கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் கையில் பிசுபிசுப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இயற்கை ரப்பருக்கு நான்கு எதிரிகள்: சூடு, வெயில், ஓசோன், எண்ணெய். பினாங்கில் கார் பூட்டில் வைத்துவிட்டால் முதல் இரண்டும் வேலையைக் காட்டும். எண்ணெய் என்றால் சன்ஸ்கிரீன் மட்டுமில்லை, தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் சேர்த்தி. பிசுபிசுத்த பட்டை நீரில் கிழிந்தால் சூட் முழுக்க நீர் நிறையும். புதிய பட்டை ஒட்டச் சொல்லுங்கள், அதுவரை நீரில் இறங்க வேண்டாம். புதியதை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வாசனையில்லாத டால்கம் பவுடர் தடவி, குளிர்ந்த இருட்டில் தொங்கவிடுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலிகான் பட்டை கேளுங்கள்.

ஈப்போவிலிருந்து: அப்பாவுக்கு 61 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தடித்த சூட் போட்டுக்கொண்டு எங்களோடு குளிர்நீர் கயாக் பயணத்துக்கு வரலாமா?

குளிர் அதிர்ச்சியில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே நேரத்தில் எகிறும். கூடவே முகம் நீரில் மூழ்கினால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லும் கட்டளையும் போகும். இரண்டும் மோதும்போது துடிப்புத் தாறுமாறாகலாம். சூட் இதைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. மருத்துவரிடம் "கயாக்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "12 டிகிரி நீரில் விழ வாய்ப்புண்டு" என்று சொல்லிக் கேளுங்கள். அவர் தயங்கினால் அப்பா பயணப் படகில் வரட்டும், அதே மலைகளை அங்கிருந்தும் பார்க்கலாம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: பினாங்கில் ஓட்டவும் வெட்சூட் வேண்டுமா?

வேண்டாம், வெந்துபோவீர்கள். வெயிலைத் தடுக்கும் நீளக்கை சட்டை, கால் மூடும் லெகிங்ஸ், தொப்பி, விசிலோடு லைஃப் ஜாக்கெட். காலை மூடச் சொல்வது ஜெல்லிமீனுக்காக. நம் கடலில் பெட்டி ஜெல்லிமீனும் உண்டு, கொட்டிய இடத்தில் ஊற்றப் படகில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும்.

சுங்கை பட்டாணியிலிருந்து: கையுறை எத்தனை மில்லிமீட்டர்?

வாங்குவதற்கு முன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். நான் என் மாணவர்களுக்கு அஞ்சடியில் வைத்துச் செய்து காட்டுவேன். ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர், பக்கத்துத் தண்ணீர்க் கடையில் ஒரு பை ஐஸ், ஒரு தெர்மாமீட்டர். 12 டிகிரி காட்டும்வரை ஐஸைக் கொட்டிக் கலக்குங்கள். இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேலே வரை விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். முதலில் வலிக்கும், பிறகு வலி போய் மரத்துவிடும். வெளியே எடுத்து உடனே லைஃப் ஜாக்கெட் பக்கிளைப் பூட்டப் பாருங்கள். போன மாதம் ஒரு மாணவர், நல்ல பலசாலி, பக்கிளின் இரண்டு முனையையும் ஒன்றுக்கொன்று நேரே பிடிக்க முடியாமல் மூன்று தடவை தவறவிட்டார். கட்டை விரல் சுண்டுவிரலைத் தொடவில்லை.

தடித்த கையுறையில் கை சூடாக இருக்கும், ஆனால் துடுப்பைப் பிடிக்க விரலை மடக்கி மடக்கி முன்கை களைத்துவிடும். அதனால் நான் பெரும்பாலும் துடுப்பிலேயே மாட்டும் உறையைப் பயன்படுத்துகிறேன், அதற்குள் வெறுங்கையாகப் பிடிக்கலாம். ஆனால் நீரில் விழுந்தால் அந்த உறை துடுப்போடு போய்விடும், எனவே 2 மில்லிமீட்டர் கையுறை ஒரு ஜோடி ஜாக்கெட் பையில் எப்போதும் இருக்கும். அதே ஐஸ் வாளிக்குள் கையுறையோடு கையை விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கையுறையோடேயே பக்கிளைப் பூட்டிப் பாருங்கள். எந்தக் கையுறையோடு பூட்ட முடிகிறதோ அதை வாங்குங்கள்.