ஏழு வருடம் முன் பறந்த 64 மணி நேரம், கமர்ஷியல் லைசென்ஸுக்குச் செல்லுமா?

கேள்வி: ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி பெற்றேன். மொத்தம் 64 மணி 20 நிமிடம் பறந்திருக்கிறேன். அதில் இன்ஸ்ட்ரக்டரோடு 42 மணி, தனியாக 22 மணி 20 நிமிடம். இரவில் பறந்ததில்லை. பிரைவேட் லைசென்ஸ் வாங்கும் முன்பே வீட்டுச் சூழ்நிலையால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இப்போது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வரை போவது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஒரு பள்ளியில் "பழையது எதுவும் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்" என்கிறார்கள். இன்னொரு பள்ளியில் "எல்லாமே சேரும்" என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பள்ளிகளும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் எந்த நாட்டு லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்கள், எந்த வகைப் பயிற்சியில் சேரப் போகிறீர்கள் என்று கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் சிக்கல். அந்த இரண்டும் தெரியாமல் உங்கள் கேள்விக்கு யாராலும் சரியான பதில் தர முடியாது.

முதலில் நல்ல செய்தி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ, பைலட் லைசென்ஸுக்கான அடிப்படைத் தரங்களைத் தன் முதலாம் இணைப்பில் வகுத்திருக்கிறது. மாணவராக இருந்தபோது தனியாகப் பறந்த நேரம், இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரம் இரண்டும் மேல்நிலை லைசென்ஸுக்கான மொத்த நேரத்தில் முழுமையாகச் சேரும் என்பது அதன் அடிப்படை. அதனால் லைசென்ஸ் கைக்கு வராமலே நிறுத்திவிட்டோமே என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. மாணவராகப் பறந்ததும் பறந்ததுதான்.

அதே இணைப்பின்படி விமானங்களுக்கான கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சித் திட்டத்தில் படித்தால் 150 போதும். 200க்குள் 100 மணி, விமானத்தின் பொறுப்பை ஏற்று ஓட்டும் பைலட் இன் கமாண்டாக, அதாவது பிஐசியாக இருக்க வேண்டும். 20 மணி பிஐசியாகக் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பயணம், வேண்டும். அதில் ஒரு பயணம் 540 கிலோமீட்டருக்குக் குறையாமல், இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று புறப்பட்டதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணி. இந்தத் தரத்தின் மேல்தான் ஒவ்வொரு நாடும் தன் நிபந்தனைகளை வைக்கிறது.

உங்கள் விஷயத்தில் முதல் கேள்வி, அந்த மணிகளுக்கு வயதாகுமா என்பது.

அமெரிக்காவில் வயதாகாது. அங்கே பொதுவான வழியில் கமர்ஷியலுக்கு 250 மணி வேண்டும். அந்த மணிகள் எந்த வருடத்தில் பறந்தவையாகவும் இருக்கலாம். வேறு நாட்டில் பெற்ற பயிற்சியும், அந்த நாடு ஐக்காவோ உறுப்பினராகவும் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் அந்நாட்டு அதிகாரம் பெற்றவராகவும் இருந்தால், கணக்கில் எடுக்கப்படும். ஆனால் முதலில் பிரைவேட் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். தேர்வுக்கான ஆயத்தமாக இன்ஸ்ட்ரக்டரோடு 3 மணியாவது, தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் பறந்திருக்க வேண்டும். அந்த மூன்றுக்குப் பழைய மணி எதுவும் உதவாது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் இரண்டாம் அட்டவணை வைத்த நிபந்தனை, 200 மணியும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஐந்து வருடங்களுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும் என்பது. அந்த வாசகப்படி பார்த்தால் உங்கள் 64 மணியும் வெளியே போய்விடும். முதல் பள்ளி இதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தாய்ச் சட்டமே மாறியிருக்கும்போது, விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள வாசகத்தை இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் வலைத்தளத்தில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்த ஐந்து வருடக் கணக்கில் பலர் ஏமாந்து போகிறார்கள். ஐந்து வருடம் எண்ணப்படுவது பயிற்சியில் மறுபடி சேர்ந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பம் போடும் நாளிலிருந்து. நான்கு வருடம் பழைய மணிகளோடு ஒருவர் இன்று சேருகிறார், விமானம் கிடைக்காமலும் வானிலையாலும் பயிற்சி ஒன்றரை வருடம் இழுக்கிறது என்றால், சேரும்போது உயிரோடு இருந்த மணிகள் முடிக்கும்போது காலாவதியாகியிருக்கும். கடைசி ஆறு மாதங்களுக்குள் 15 மணி பிஐசி என்ற நிபந்தனையும் அதே அட்டவணையில் இருந்தது. ஆகவே இந்திய வழியில் போகிறவர்கள் விண்ணப்பத் தேதியைத் தோராயமாக முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

அடுத்தது பயிற்சியின் வகை. நிறையப் பேர் யோசிக்காத இடம் இது. லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் உங்கள் மணிகளை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சேரும் பயிற்சித் திட்டம் ஏற்க வேண்டுமே? ஐரோப்பிய விதிகளில் ஒருங்கிணைந்த பயிற்சி என்று ஒன்று உண்டு. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே பள்ளி. அதில் ஏற்கனவே பிரைவேட் லைசென்ஸோடு வருகிறவருக்கே பழைய மணிகளில் பாதிதான், அதுவும் அதிகபட்சம் 40 மணிதான் கழித்துத் தருவார்கள். இரவுப் பறப்புத் தகுதியும் இருந்தால் 45. அமெரிக்காவில் விமான விதிகளின் 141ஆம் பகுதியின் கீழ் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் 250க்குப் பதில் 190 மணி போதும் என்பது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட இன்னொரு பள்ளியின் பயிற்சியிலிருந்து வந்தால் புதிய பாடத்திட்டத்தில் பாதி வரைக்கும், மற்ற இடங்களிலிருந்து வந்தால் கால்பங்கு வரைக்கும்தான் வரவு வைக்க முடியும். அதையும் பள்ளி உங்களைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

என் கருத்து இது: பழைய மணிகள் கையில் இருப்பவருக்குப் படிப்படியாகப் போகும் வழிதான் பொருத்தம். பிரைவேட், அப்புறம் மணி சேர்ப்பது, அப்புறம் கமர்ஷியல் பாடம் என்று தனித்தனியாகப் போகிற வழி. அதில் பழையது வீணாவது குறைவு. 150, 190 என்று விளம்பரத்தில் பார்க்கும் சிறிய எண்கள், ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவருக்கு ஏற்றவை.

இப்போது உங்கள் எண்களை ஐரோப்பியப் படிப்படி வழியில் வைத்துப் பார்ப்போம், கிளப்பின் பயிற்சி ஏற்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டு. 200க்கு இன்னும் 136 மணி வேண்டும். 100 பிஐசிக்கு உங்களிடம் தனியாகப் பறந்த 22 இருக்கிறது, பாக்கி 78. கமர்ஷியல் பாடத்துக்கு இன்ஸ்ட்ரக்டரோடு 25 மணி. 78, 25 இரண்டையும் 136இல் கழித்தால் 33 மணி மிஞ்சும். பிரைவேட் லைசென்ஸை முடிப்பது, இரவுப் பறப்பு, விட்டுப்போன கைப்பழக்கத்தை மீட்பது எல்லாம் அந்த 33க்குள் அடங்க வேண்டும். உங்கள் பழைய மணிகள் ஒவ்வொன்றும் இதில் வேலை செய்கிறது.

எல்லோருக்கும் இப்படி அமையாது. 120 மணி பறந்த ஒருவர், அதில் 95 மணி இன்ஸ்ட்ரக்டரோடு என்று வையுங்கள். அவரிடம் பிஐசி 25தான். இன்னும் 75 பிஐசியும் 25 மணி பாடமும் பறந்தாக வேண்டும். முடிக்கும்போது 220இல் நிற்பார். அவருடைய பழைய மணிகளில் 20 எந்தப் பயனும் தரவில்லை. ஏற்கனவே நிரம்பிய கட்டத்தில் விழும் மணிக்கு மதிப்பில்லை. அதனால் "மொத்தம் எத்தனை" என்று கேட்பதை விட்டுவிட்டு, பிஐசி எத்தனை, கிராஸ் கன்ட்ரி எத்தனை, இரவு எத்தனை என்று ஒவ்வொரு கட்டமாகக் கேளுங்கள்.

அந்தக் கட்டங்களும் நாட்டுக்கு நாடு ஒன்றல்ல. அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்றவர், தான் தகுதி பெற்ற விமானத்தைத் தன் கையால் ஓட்டினால், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்தை பிஐசி என்றும் எழுதலாம். ஐரோப்பாவிலோ இந்தியாவிலோ அது இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரம் மட்டும்தான். அமெரிக்காவில் 110 பிஐசி என்று காட்டும் லாக்புக் (பைலட்டின் பறப்புப் பதிவேடு), இன்னொரு நாட்டு அதிகாரி முன் வைத்ததும் சுருங்கிவிடுவதற்கு இதுதான் காரணம். கிராஸ் கன்ட்ரியிலும் இதே கதை. கமர்ஷியலுக்காக அமெரிக்கா கேட்பது, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் இடத்தில் இறங்கிய பயணம். பக்கத்து ஊர் ஓடுதளத்துக்குப் போய் வந்ததெல்லாம் அதில் சேராது. உங்கள் தனிப் பயணங்களின் தூரத்தை வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

இதைவிட முக்கியமானது லாக்புக்கின் நிலை. இன்ஸ்ட்ரக்டராக நான் பார்த்த பழைய லாக்புக்குகளில் அடிக்கடி வரும் தவறு தசமக் கணக்கு. 1.3 என்றால் 1 மணி 18 நிமிடம். அதை 1 மணி 30 என்று எழுதி, பக்கம் பக்கமாகக் கூட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான், ஆனால் சரிபார்க்கும் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? இன்னொன்று, எந்த நேரத்தை எழுதினார்கள் என்பது. பறப்பு நேரம் என்பது புறப்படுவதற்காக விமானம் முதலில் நகர்ந்ததிலிருந்து கடைசியில் நின்றது வரை. சில கிளப்களில் இன்ஜினின் சுழற்சியை வைத்து ஓடும் டாக்கோ மீட்டரைப் பார்த்து எழுதுவார்கள். குறைந்த வேகத்தில் இன்ஜின் ஓடும்போது அது மெதுவாக நகரும், உங்கள் நேரம் குறைவாகப் பதிவாகியிருக்கும். குறைவாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். திருத்தி எழுதாதீர்கள்.

தனியாகப் பறந்த ஒவ்வொரு வரிக்கும் நேரே இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் 22 மணியும் பிஐசியாக மாறுவது அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. விட்டுப்போயிருந்தால், அந்தக் கிளப் இன்னும் இயங்கும்போதே நேரில் போய்க் கேளுங்கள். கிளப் மூடியிருந்தால் அந்த இன்ஸ்ட்ரக்டரைத் தேடுங்கள். நீங்கள் அவரோடு பறந்த 42 மணியும் அவருடைய லாக்புக்கிலும் அதே தேதியில் இருக்கும். விமானத்தின் பயணப் பதிவேடும் கட்டண ரசீதுகளும் துணைச் சான்றாக உதவும். எதுவுமே கிடைக்காத வரிகளை விட்டுவிடுவதுதான் நல்லது. ஞாபகத்திலிருந்து எழுதி நிரப்புவது பொய்ப் பதிவாகிவிடும். அமெரிக்க விதியில் லாக்புக்கில் பொய்யாக எழுதுவது, ஏற்கனவே உள்ள லைசென்ஸையும் பறிக்கப் போதுமான காரணம். ஐந்து மணிக்காக ஒரு வாழ்க்கைத் தொழிலைப் பணயம் வைக்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பள்ளிக்குப் பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடிப்பேன். ஏழு வருடத்தில் கண்ணும் காதும் ரத்த அழுத்தமும் மாறியிருக்கலாம். அதில் தடை வந்தால் இந்தக் கணக்கு எதற்கும் அவசியமில்லை. அது சரியாக வந்ததும் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்தின் கூட்டுத்தொகையையும் தனித் தாளில் எழுதி, சேர விரும்பும் பள்ளிக்கு அனுப்பி இரண்டே கேள்விகள் கேட்பேன். இவற்றில் எந்தெந்த மணிகளை எந்த விதிப்படி வரவு வைப்பீர்கள்? பாக்கி எத்தனை மணிக்கு என்னிடம் கட்டணம் வாங்குவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் சேரும்" என்று போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. பள்ளி விதி எண்ணைக் குறிப்பிடத் தயங்கினால், அதே தாளை லைசென்ஸ் வழங்கும் அலுவலகத்துக்கே அனுப்பிக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். தாளில் 64 மணி செல்லும் என்று வந்தாலும், முதல் சில பறப்புகளில் அது உங்கள் கையில் இருக்காது. விமானத்தைப் பிடித்து ஓட்டும் உணர்வு சீக்கிரம் திரும்பிவிடும். ரேடியோ பேச்சும், செக்லிஸ்ட் ஒழுங்கும், இறங்கும் முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக நினைவில் வைப்பதும்தான் நேரம் எடுக்கும். அதற்கென்று சில மணிகளை இன்ஸ்ட்ரக்டரோடு ஒதுக்கி, அவர் "போகலாம்" என்ற பிறகு தனியாகப் போங்கள்.