கழுத்தில் ஒரு தேள்: டேங்கர் வேலை கேட்டுப் போன தம்பிக்கு

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 27. ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். ஆறு வருடங்களாக லாரி ஓட்டுகிறேன். சவுக்கு, பண்ருட்டிப் பலா, முந்திரி என்று கிடைத்த லோடையெல்லாம் ஏற்றியிருக்கிறேன். இதுவரை ஒரு விபத்து இல்லை. வலது முன்கையில் அம்மாவின் பெயரையும், கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு தேளையும் பச்சை குத்தியிருக்கிறேன். தேள் 21 வயதில், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் குத்தியது. சென்ற மாதம் கடலூர் சிப்காட்டுக்கு ரசாயன டேங்கர் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டேன். வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினேன், திருப்தி என்றார்கள். பிறகு மேலாளர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "உன்னை எந்தக் கேட்டில் உள்ளே விடுவார்கள்? பார்த்தால் ரவுடி மாதிரி இருக்கிறாய். அழித்துவிட்டு வா" என்றார். இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? பேட்டரி ஆசிட் தொட்டுத் தேய்த்தால் ஒரே வாரத்தில் போய்விடும் என்கிறான் நண்பன். செய்யலாமா? அம்மா தினமும் அழுகிறார்.

— பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. பேட்டரி ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது கந்தக அமிலம். பச்சையின் மை மேல்தோலில் இருப்பதில்லை. அதற்கும் கீழே, அடித்தோலில் தங்கிவிடுகிறது. மேல்தோல் உரிந்து உரிந்து புதிதாகிக்கொண்டே இருந்தும் ஆறு வருடமாக உங்கள் தேள் அசையாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்த ஆழம்வரை அமிலம் இறங்கினால் சதை வெந்து தழும்பு விழும். அதுவும் எந்த இடத்தில்? தலைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகிற கழுத்தில். தேளைப் பார்த்தே ரவுடி என்றவர், அமிலத்தில் வெந்த கழுத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்? உப்பு வைத்துத் தேய்ப்பது, சுண்ணாம்பு தடவுவது, சூடு போடுவது எல்லாம் இதே வழிதான். உங்கள் நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள். நாளைக்கு அவர் வேறொருவருக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடக் கூடாது.

இனி, உரிமை. வேலை நேரத்தில் மறைத்துக்கொள் என்று கேட்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பச்சை இருப்பதால் வேலை இல்லை என்று தனியார் முதலாளி சொல்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. சமவாய்ப்பைப் பேசும் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்கானது. எனவே வழக்குப் போட்டால் இந்த வேலை கிடைத்துவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். இதை எழுத எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டு அடுத்த அடி வைப்பது நல்லது.

அவர் உங்களை ரவுடி என்றாரே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. யார் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது: குற்றமே பழக்கமானவர், குடிக்கு அடிமையானவர், போதைப் பொருளுக்கு அடிமையானவர், ஓட்டும் விதத்தால் மற்றவர் உயிருக்கு ஆபத்தானவர் என்று அந்த வரிசை போகிறது. தோலில் மை உள்ளவர் அதில் இல்லை. ஹெவி லைசென்ஸுக்காக நீங்கள் கொடுத்த மருத்துவச் சான்றிதழில், படிவம் 1ஏ-வில், அடையாளக் குறிகளை எழுத இடம் இருக்கும். மச்சம், தழும்பு எழுதுகிற அந்த இடத்தில் உங்கள் தேளையும் எழுதலாம். அரசாங்கக் காகிதத்துக்கு அது வெறும் அடையாளம்.

என் அப்பாவும் லாரி ஓட்டியவர்தான். எம்.ஜி.ஆர் தன் தொண்டர்களைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்ன காலத்தில் குத்திக்கொண்டது, அவருடைய கையில் கடைசிவரை இருந்தது. அந்தக் கையை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் நெய்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் ஓட்டினார். அவரிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. என் பாட்டியின் இரண்டு முன்கைகளிலும் கோலம். கோலத்துக்கு நடுவில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு தேள். வாசலில் வந்து உட்கார்ந்த குறத்தி குத்திவிட்டது. நம் ஊர்ப் பெண்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்த அதே தேள், ஒரு இளைஞனின் கழுத்துக்கு ஏறியதும் ரவுடித்தனம் ஆகிவிடுகிறது.

ஆனாலும் அந்த மேலாளரின் நிலையையும் நான் யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய வண்டி போய் நிற்பது இன்னொரு நிறுவனத்தின் வாசலில். அங்கே கேட் பாஸ் எழுதுகிறவர், எடைமேடையில் நிற்பவர், சரக்கை இறக்குகிற இடத்தின் அதிகாரி என்று ஒவ்வொருவரும் ஓட்டுநரைத்தான் பார்க்கிறார்கள், டேங்கர் முதலாளியைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பிலும் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்: இடது முன்கையின் உட்புறம் போன்ற சில இடங்களில் மட்டும், அந்த உறுப்பின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில், பெயரோ சமயக் குறியோ இருக்கலாம். கழுத்தில் இருந்தால் அங்கேயும் சிக்கல்தான். அதனால் உங்கள் இரண்டு பச்சைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த வேலைக்குக் கை ஒரு பிரச்சினையே இல்லை. ரசாயனம் ஏற்றுகிற இடத்தில் முழுக்கைச் சட்டை எப்படியும் அணிய வேண்டியிருக்கும், அது உங்கள் தோலைக் காப்பதற்காக. பருத்தித் துணியில், மணிக்கட்டில் பொத்தான் போடுகிற காக்கிச் சட்டையாகத் தைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கர வண்டிக்காரர்கள் வெயிலுக்கு மாட்டுகிற நைலான் கை உறை வேண்டாம். தீப்பற்றும் சரக்குக்குப் பக்கத்தில் செயற்கை இழை ஆகாது. நிலைமின்சாரத்தில் பொறி கிளம்பும், தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டியின் கேபினில் முழுக்கைச் சட்டையோடு மே மாதத்தில் உட்காருவது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் பெரிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம்; அப்படி ஒரு வண்டி உங்கள் கைக்கு வரும்வரை வேர்வையோடுதான் ஓட்டியாக வேண்டும். சீருடையை நிறுவனமே தருமா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஓட்டுநருக்குச் சீருடையும் மழைக்கோட்டும் முதலாளியே தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்வதற்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே இடம் கொடுத்திருந்தது. எனவே இது புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை.

கழுத்துதான் கடினம். காலரை ஏற்றிப் பொத்தான் போட்டாலும் காதுக்குக் கீழே உள்ளது தெரியும். நம் ஓட்டுநர்கள் போடுகிற துண்டு சாலையில் சரி; பம்ப் ஓடுகிற இடத்தில் தொங்குகிற துணி ஆபத்து. முகப்பூச்சு கடலூர் வேர்வைக்கு ஒரு மணி நேரம்கூட நிற்காது. தோல் நிறத்தில் அகலமான மருத்துவப் பட்டை ஒன்றை இறங்கும் நேரத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். அதை ஒட்டிக்கொண்டே போய் மேலாளரைப் பாருங்கள். இப்படிக் கேளுங்கள்: "சார், உங்கள் விதி அழிக்கச் சொல்கிறதா, மறைக்கச் சொல்கிறதா? கேட்டுக்குள் நுழையும்போதெல்லாம் இப்படி மறைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் பாருங்கள்." குரலை உயர்த்தாமல் கேளுங்கள். அவர் சொல்வது எழுதி வைத்த விதியா, அன்றைக்கு அவருக்குத் தோன்றியதா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கையோடு காகிதங்களையும் கொண்டுபோங்கள். ஆறு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு, இதுவரை வேலை செய்த முதலாளிகளிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் காவல் சரிபார்ப்புச் சான்றும் வாங்கிவிடுங்கள். ரவுடி என்ற சொல்லுக்கு அதைவிட நேரான பதில் வேறில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அபாயகரமான சரக்குக்கான பயிற்சியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 9ஆம் விதிப்படி, ரசாயன டேங்கர் ஓட்டுகிறவர் அதற்கான மூன்று நாள் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். நம் மொழிகளில் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். லைசென்ஸில் அந்த அனுமதியும் ஏற வேண்டும். கேபினில் வைத்திருக்கிற அவசரகால அட்டையைப் பார்த்து, ஏற்றியிருப்பது என்ன, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தீயணைப்புப் படையினரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சவுக்கும் பலாவும் ஏற்றியவருக்கு இது வேறு உலகம். அந்தச் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால், தேள் இல்லாத கழுத்தோடு போயிருந்தாலும் அந்த வண்டியின் சாவியை உங்களிடம் கொடுத்திருக்க முடியாது. கழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். இந்த நிறுவனம் வேண்டாம் என்றாலும், அடுத்த கதவை இது திறக்கும்.

எல்லாவற்றுக்கும் பிறகும் தேள் வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், லேசர்தான் முதன்மையான வழி. புதுச்சேரி ஜிப்மரின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போய் முதலில் ஆலோசனை கேளுங்கள். லேசர் ஒளி மையைப் பொடியாக உடைக்கும்; உடைந்ததை உடம்பே மெல்ல மெல்ல அப்புறப்படுத்தும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு அமர்வுக்கும் நடுவில் பல வாரம் இடைவெளி விடுவார்கள். அமர்வுகளும் பல தேவைப்படும். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கலாம். கறுப்பு மை எளிதில் போகும், பச்சை நிற மையும் மஞ்சள் நிற மையும் அடம்பிடிக்கும். நம்முடைய மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகக்கூடும் என்பதால், இதற்கேற்ற லேசர் எது என்பதைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் குத்திக்கொண்டது என்பதால், ஊசி புதியதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை பி, சி வகைகளுக்கும் எச்.ஐ.விக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆறு வருடமாகத் தள்ளிப்போன காரியம், போகிற இடத்திலேயே முடிந்துவிடும்.

அம்மா ஏன் அழுகிறார் என்று கேட்டீர்களா? தன் பெயரைக் குத்திக்கொண்டதால்தான் மகனுக்கு வேலை போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த மேலாளர் பார்த்தது கழுத்தை என்பதை இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள். கையில் இருக்கிற பெயரை யாரும் அழிக்கச் சொல்லவில்லை என்றும் சொல்லுங்கள்.