மெயிலுக்குக் கீழ போடுற சிக்னேச்சர்: ஸ்கூல்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

மதுரைப் பக்கம் உதவி பெறும் ஸ்கூல் ஒண்ணுல கம்ப்யூட்டர் டீச்சரா இருக்கேன், ஆபீஸ் மெயிலும் என் தலையிலதான். கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்.

மேலூர் டீச்சர்: சிக்னேச்சர்ல என்னென்ன போடணும் சார்? எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். எல்லாம் முடிச்சிருக்கேன்.

படிச்சது பெருமைதான் டீச்சர், ஆனா அத வாசிக்கிறது சிஇஓ (மாவட்டக் கல்வி நிர்வாகத்த பாக்குற முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் கிளார்க்கு, அவருக்கு வேண்டியது யாரு, எந்த ஸ்கூலு, எந்த நம்பருக்குப் பேசணும், அம்புட்டுதான். பேரு, பதவியும் பாடமும், ஸ்கூல் முழுப்பேரும் ஊரும், போன், நாலு வரி போதும். டிகிரி போட்டே ஆகணும்னா பேருக்குப் பக்கத்துல ஒண்ணு. ஆபீஸ் மெயில்னா யூடைஸ் நம்பரையும், அதான் ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அரசாங்கம் குடுத்த அடையாள நம்பரு, சேத்துருங்க, 33ல ஆரம்பிக்கிற 11 இலக்கம், ஒரே பேருல நாலு ஸ்கூல் இருந்தாலும் மாறிப் போகாது.

திருமங்கலம் இளநிலை உதவியாளர்: எச்எம் கையெழுத்தையும் ரவுண்டு சீலையும் ஸ்கேன் பண்ணி சிக்னேச்சராவே வச்சுட்டேண்ணே, பாக்க கெத்தா இருக்கு.

தம்பி, இன்னைக்கே எடுத்துருங்க! சிக்னேச்சர்ங்கிற பேர வச்சு ஏமாந்துட்டீங்க, இது கையெழுத்து இல்ல, விலாசம். நீங்க அனுப்புற ஒவ்வொரு மெயில்லயும் சீலும் கையெழுத்தும் தெளிவா போகுது, வாங்குறவன் ரைட் கிளிக் பண்ணி படத்த எடுத்து ஒரு போனஃபைடு சர்டிபிகேட்டுல ஒட்டுனா முடிஞ்சுச்சு, நாளைக்கு பதில் சொல்ல வேண்டியது எச்எம்மும் நீங்களும்தான். கையெழுத்து வேணும்னா அந்த லெட்டர்ல மட்டும் போட்டு பிடிஎஃப்பா அனுப்புங்க. லோகோ சின்னதா இருந்தா பரவால்ல, ஆனா பேரையும் நம்பரையும் படத்துக்குள்ள எழுதாதீங்க, நெறைய எடத்துல படம் தொறக்காது, வெறும் கட்டம்தான் தெரியும்.

உசிலம்பட்டி: தமிழ்ல டைப் பண்ணி ஒட்டினேன், அந்தப் பக்கம் ஏபிசிடியா கிறுக்கலா போகுதாம்.

வானவில் இல்லாட்டி பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருப்பீங்க. அந்த ஃபான்ட்ல உள்ளுக்குள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் சட்டை போட்டிருக்கு, மெயில்ல போறப்ப சட்டை கழண்டுரும். எந்த கம்ப்யூட்டர்லயும் தமிழ் தமிழாவே தெரியுற யூனிகோடுல அடிக்கணும். அரசாங்கமே 2010ல யூனிகோடுக்கு உத்தரவு போட்டாச்சு, நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருங்கதான் இன்னும் திருந்தல. அதுல அடிக்க என்எச்எம் ரைட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது, இல்ல போன்ல தமிழ்ல அடிச்சு உங்களுக்கே மெயில் அனுப்பி அங்கருந்து காப்பி பண்ணுங்க.

வாடிப்பட்டி பிடி சார்: எல்லாம் செஞ்சேன், ஆனா மெயில்ல வரவே மாட்டேங்குது.

ஜிமெயில்ல சிக்னேச்சர் உருவாக்குனா மட்டும் பத்தாது சார். அதுக்குக் கீழயே டீஃபால்ட்ஸ்னு இருக்கும், புது மெயிலுக்கு எது, ரிப்ளைக்கு எதுன்னு கேக்கும், அங்க நோ சிக்னேச்சர்னு கிடந்தா வராது. மாத்திட்டு பக்கத்தோட அடி வரைக்கும் போயி சேவ் சேஞ்சஸ அமுக்கணும், முக்காவாசிப் பேரு விடுறது இங்கதான். போன் ஆப்ல தனியா மொபைல் சிக்னேச்சர்னு இருக்கு, அதையும் பாத்துருங்க.

எச்எம் பொறுப்பு பாக்குறேன், அப்படியே தலைமையாசிரியர்னு போட்டுக்கலாமா?

பொறுப்புன்னு சேத்தே போடுங்க. இன்னொண்ணு, ஸ்கூல் மெயில மூணு பேரு தொறந்தா சிக்னேச்சரும் மூணு செஞ்சு வச்சு, அனுப்புறவங்க அவங்கவங்கத எடுத்துக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல்ல ரிட்டையர் ஆனவரு பேருலயே ஆறு மாசம் மெயில் போயிட்டிருந்துச்சு, பேரன் கூட விளையாண்டுட்டு இருந்த மனுஷனுக்கு தினமும் போன்.

செல் நம்பர் போட பயமா இருக்கு சார்.

போடாதீங்கம்மா. ஆபீஸ் லேண்ட்லைன் போதும், மதுரைன்னா 0452, வெளிநாட்டுல இருக்க அப்பாமாருக்குன்னா முன்னாடி இருக்க சைபர எடுத்துட்டு +91 452. பக்கத்துல ஆபீஸ் நேரத்தையும் போடுங்க, ராத்திரி பத்து மணி போன் கொறையும்.

குறளும் தாமரைப் படமும் போடலாமா?

குறள் நல்லதுதாங்க, ஆனா லீவு லெட்டருக்குக் கீழ சோம்பல் கூடாதுன்னு சொல்ற மடி இன்மை அதிகாரத்துக் குறள் வந்து நின்னா எப்படி இருக்கும்? தாமரை வேண்டவே வேணாம்.

இனிஷியல் எம்.மா, மு.வா?

தமிழ்ல பேரு போட்டா இனிஷியலும் தமிழ்லதான், 2021லயே உத்தரவு வந்தாச்சு. மு.ன்னே போடுங்க.