கிரீமில் 'ஆல்கஹால்' இருந்தால் பரு வருமா?

கேள்வி: எனக்கு வயது 23. முகத்தில், குறிப்பாக நெற்றியில், பரு விடாமல் வருகிறது. தோல் மருத்துவர் இரவில் அடாபலீன் ஜெல் தடவச் சொன்னார். அதனால் தோல் உரிவதால் மாய்ஸ்சரைசர் வாங்கினேன். அதில் 'செட்டியரில் ஆல்கஹால்' இருக்கிறது. துளைகளை அடைக்கும் தன்மைக்கு 5-க்கு 2 என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஆல்கஹால் முகத்தை வறட்டிவிடும் என்கிறாள் தோழி. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் பழக்கத்தைத் தவிர வேறு எதுவும் நான் பூசுவதில்லை. கிரீமைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

தோழி பயப்படுவது எத்தனாலுக்கு. சட்டென்று ஆவியாகித் தோலை உலர்த்துவது அதுதான். செட்டியரில் ஆல்கஹால் தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் வெள்ளை மெழுகு. வேதியியல் முறைப்படி வைத்த பெயரால் வந்த வம்பு இது! கிரீமில் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடாமல் இருக்கவும், பதம் கெட்டியாக இருக்கவும் இதைச் சேர்க்கிறார்கள். தோலை வறட்டாது, மிருதுவாக்கும்.

அந்த 5-க்கு 2 என்ற மதிப்பெண்ணுக்கு மூலம் முயல். மூலப்பொருட்களை முயலின் காதில் நாள்தோறும் தடவிப் பார்த்த பழைய சோதனைகள் அவை. முயல் காதின் துளைகள் மனிதத் தோலைவிட எளிதில் அடைபடும். மேலும் நீங்கள் பூசுவது தனி மெழுகை அல்ல, அதில் சிறிதளவே கலந்த கிரீமை. அடைக்கும் என்று பெயரெடுத்த பொருட்கள் கலந்த தயாரிப்புகளை மனிதர்களின் முதுகில் தடவிச் சோதித்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அவை துளைகளை அடைத்தே தீரும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பருவுக்கு நாங்கள் எழுதித் தரும் சில அசெலாயிக் அமில கிரீம்களிலேயே இந்த மெழுகு இருக்கிறது.

யாருக்குமே ஒத்துக்கொள்ளாமல் போகாது என்று சொல்லவில்லை. அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும். தடவிய இடம் சிவந்து அரிக்கும். அப்படியானால் நிறுத்திவிடுங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் தாடையோரம் ஓரிடத்தில் மட்டும் நான்கு வாரம் தடவிப் பாருங்கள். அடைப்பு ஒரே இரவில் உருவாவதில்லை. அடாபலீன் தொடங்கிய முதல் சில வாரங்களில் பரு கூடுவதும் உண்டு. அந்தப் பழியைக் கிரீமின் மேல் போட்டுவிடாதீர்கள்.

எனக்குச் சந்தேகம், நீங்கள் போகிற போக்கில் சொன்ன எண்ணெயின் மேல்தான். இரவு முழுவதும் அது நெற்றியிலும் தலையணையிலும் இறங்குகிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் வைத்து, முடியை அலசும்போது நெற்றியையும் சேர்த்துக் கழுவுங்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு மாதம் கழித்தும் நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்களாக, அரிப்போடு இருந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. உங்கள் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அடாபலீனைப் பற்றியும் அவரிடம் அப்போதே பேசிவிடுங்கள்.