மருத்துவர் பதில்கள்: ரிப்போர்ட்டில் 12.5 சதவீதம்தானே?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கிளப் ரக்பி ஆடுகிறான். இடது தோள் இரண்டு முறை முன்பக்கமாகக் கழன்றுவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிண்ணத்தில் 12.5 சதவீத எலும்பு இழப்பு, ஹில்-சாக்ஸ் பள்ளம் உண்டு’ என்று இருக்கிறது. இழப்பு குறைவுதானே, இனிமேல் கழலாது என்று இருக்கலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அப்படி இருந்துவிடாதீர்கள் அம்மா. அந்தச் சதவீதம் பாதிக் கணக்குதான். தோள் மூட்டில் கை எலும்பின் உருண்டைத் தலையான பந்து, தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோள் முன்னால் கழலும்போது கிண்ணத்தின் முன்விளிம்பு சிதைகிறது; அதே விளிம்பு பந்தின் பின்புறத்தில் இடித்துப் பள்ளமும் போடுகிறது, அதுதான் ஹில்-சாக்ஸ் பள்ளம். கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது பள்ளம் விளிம்பில் மாட்டுமா என்பதுதான் கேள்வி.

அதற்கு முப்பரிமாண சி.டி. ஸ்கேன் நல்லது. படத்தில் பந்தை நீக்கிவிட்டு, கிண்ணத்தை நேர் எதிரே வைத்து, அதன் கீழ்ப்பகுதிக்குப் பொருந்தும் வட்டம் வரைவார்கள். விட்டம் 24 மி.மீ., இழந்த எலும்பு 3 மி.மீ. என்று வையுங்கள், அதுவே 12.5 சதவீதம். விட்டத்தை 0.83-ஆல் பெருக்கி 3-ஐக் கழித்தால் 16.9 மி.மீ. கிண்ணம் பந்தின் மேல் உராய்ந்து போகும் பாதையின் அகலம் இது. அடுத்து, பந்தில் தசைநாண் ஒட்டும் இடத்திலிருந்து பள்ளத்தின் உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். 15 மி.மீ. வந்தால் பள்ளம் பாதைக்குள் அடங்கும். 19 வந்தால் பாதையைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். சிலர் பள்ளத்தின் அகலத்தை மட்டும் அளந்து, தசைநாணுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள நல்ல எலும்பைச் சேர்க்காமல் விடுவதுண்டு. அப்போது மாட்டக்கூடிய தோளும் பத்திரமானதாகத் தெரியும்.

ஸ்கேனில் வராததும் உண்டு. தையலுக்குப் பிறகு திரும்பக் கழலும் ஆபத்தை அளக்க 2007-இல் வெளியான ஒரு பிரெஞ்சு மதிப்பெண் முறையில் 20 வயது வரை 2, போட்டி ஆட்டம் 2, மோதல் ஆட்டம் 1. படம் பார்க்கும் முன்பே உங்கள் மகனுக்கு 5. மூட்டுத் தளர்ச்சிக்கு 1. கையை வெளிப்பக்கம் திருப்பி எடுத்த சாதாரண எக்ஸ்ரேயில் பள்ளம் தெரிந்தால் 2, நேர் எக்ஸ்ரேயில் கிண்ண விளிம்பு மழுங்கியிருந்தால் 2. அந்த ஆய்வில் 6-ஐத் தாண்டியவர்களுக்குத் துளைவழியாக லேப்ரத்தை (கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள திசு வளையம்) தைப்பதை மட்டும் செய்தபோது, 70 சதவீதம் பேருக்குத் திரும்பக் கழன்றது.

நம் தென்னாப்பிரிக்க ரக்பி ஆட்டக்காரர்களையும் சேர்த்து, அமெரிக்க மருத்துவர் பர்க்கார்ட்டும் கேப் டவுன் மருத்துவர் ஜோ டி பீரும் 2000-இல் வெளியிட்ட கணக்கும் இதையொட்டியதே. எலும்பு பெரிதாகச் சிதையாதவர்களில் 4 சதவீதம் பேருக்கும், சிதைந்தவர்களில் 67 சதவீதம் பேருக்கும் தையலுக்குப் பிறகு தோள் நிலைகுலைந்தது.

ரிப்போர்ட்டை மட்டுமல்ல, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுவட்டையும் எடுத்துக்கொண்டு தோள் அறுவை நிபுணரிடம் போங்கள். வட்டத்தின் விட்டம், இழந்த மி.மீ., தசைநாண் ஒட்டும் இடத்திலிருந்து பள்ளத்தின் உள்விளிம்பு வரையான முழு அளவு மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பள்ளம் பாதைக்கு வெளியே என்றால், தசைநாணைப் பள்ளத்தில் பதித்துத் தைப்பதா, எலும்புத் துண்டை முன்விளிம்பில் திருகும் லாத்தார்ஜே சிகிச்சையா என்று பேச வேண்டிவரும். முடிவாகும் வரை டேக்கிள் பயிற்சி வேண்டாம்.