ஓட்டு வீட்டு மச்சைக் கணினி அறையாக மாற்றலாமா?

"பாட்டி வீட்டில் மரப்பலகை மச்சு சும்மா கிடக்கிறது. அங்கே இரண்டு கணினிகளை வைத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அறையாக மாற்றலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். 2020-இல் ஊரடங்கு வந்து அலுவலகத்தை மூடியதும் நான் மாற்றினேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மச்சு உங்களுக்கு ஒத்துவரும், உங்கள் கணினிக்கு ஒத்துவராது. இப்போது நான் மேலே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். என் கணினி கீழே, முன்பு நெல் பத்தாயம் இருந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர எனக்கு இரண்டு கோடைகளும் ஒரு மதர்போர்டும் செலவாயின.

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குப் பக்கத்தில். கீழே தடித்த சுவர், மேலே அயனி மரப் பலகை பரப்பிய மச்சு, அதற்கு மேல் மங்களூர் ஓடு. முகட்டுக்கு நேர் கீழே ஆறரை அடி உயரம்; இரண்டு பக்கமும் சரிந்து சுவரோரத்தில் இரண்டடிதான். அங்கே இருந்தவை: வெண்கல உருளி, கொலுப் பொம்மைப் பெட்டிகள், தாத்தாவின் டிரங்குப் பெட்டி, கால் ஒடிந்த தொட்டில், அப்புறம் யாரும் ஒப்புக்கொள்ளாத அளவு ஒட்டடை. காலி செய்யவே நான்கு நாள் ஆயிற்று. கொலுப் பெட்டி எங்கே போகும் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சுவார்த்தையை அந்த நான்கு நாளில் சேர்க்கவில்லை.

முதலில் பலகையைப் பாருங்கள். நெல்லையும் பாத்திரத்தையும் தாங்கிய மச்சு ஒரு ஆளையும் மேசையையும் தாங்கும் என்று பொதுவாக நம்பலாம். ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில்தான் செல்லரித்திருக்கும். நல்ல ஆசாரி ஒருவரை அழைத்து வந்து அந்த முனைகளை உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஏழு உத்திரங்களில் ஒன்று வெளியே வழவழப்பாக இருந்தது, உள்ளே மாவாக இருந்தது. மேசையை உத்திரங்களுக்குக் குறுக்கே போட்டால் பாரம் இரண்டு மூன்று உத்திரங்களுக்குப் பிரியும். சக்கர நாற்காலி வேண்டாம். முதல் நாள் நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தியதும் கீழிருந்து அம்மா, "மேலே என்ன, தேரா இழுக்கிறாய்?" என்று கேட்டார். பலகை இடுக்கு வழியாக அவர் கட்டிலில் தூசி வேறு கொட்டியது. பழைய கோரைப்பாயை விரித்து அதன் மேல் வினைல் விரிப்பு போட்ட பிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது.

இனி வெப்பம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டு வீடு குளிர்ச்சி என்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது சரி. அந்தக் குளிர்ச்சியை அவர்களுக்குக் கொடுப்பதே மச்சுதான்: வெயிலை ஓடு வாங்குகிறது, ஓட்டின் சூட்டை மச்சு வாங்கிக்கொண்டு கீழே விடாமல் வைத்திருக்கிறது. அதாவது நீங்கள் கணினி வைக்கப் போவது வீட்டின் குடைக்கும் தலைக்கும் நடுவில். சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு என் மச்சில் 39 டிகிரி இருந்தது. அதே நேரம் கீழறையில் 31. மேசைக் கணினிகளுக்கு அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. இதோடு கணினி தன் பங்கையும் சேர்க்கும். 300 வாட் இழுக்கிற கணினி 300 வாட் ஹீட்டர்தான். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. இரண்டு திரைகளுக்கு ஒரு 60 வாட், சும்மா உட்கார்ந்திருக்கும் உங்கள் உடம்புக்கு ஒரு 100 வாட். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அரை கிலோவாட் அடுப்பு.

ஏசி போட்டால் போயிற்று என்று எனக்கும் தோன்றியது. மங்களூர் ஓட்டின் வடிவத்தைக் கவனித்தால் அது ஏன் வீண் என்று புரியும். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்த வடிவம் இது. ஒன்றோடொன்று கொக்கி போட்டு உட்காரும். மழையை விடாது, ஆனால் காற்றை விடும். கூரை மூச்சு விடுவது அதன் குறை இல்லை, குணம். அந்தக் கூரைக்குக் கீழே ஏசி ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

நான் செய்தது இது: ஓட்டைத் தாங்கும் சரிவான கைமரங்களுக்கு அடியில் பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பைக் கட்டினேன். ஓட்டுக்கும் தாளுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டேன். அதற்குக் கீழே சிமெண்ட் ஃபைபர் பலகை. முகட்டருகே பலகையை மூடாமல் கைப்பிடி அகலம் விட்டு, கிழக்கு முக்கோணச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். சூடான காற்று தானாகவே முகட்டுக்கு ஏறும். ஃபேன் அதைத் தள்ளிவிட்டால் போதும். நான்கு டிகிரி குறைந்தது. 35-இல் மனிதன் மின்விசிறிக் காற்றில் சமாளித்துவிடுவான். கணினி விசிறியோ மதியம் முழுவதும் மிக்ஸி மாதிரி கத்தியது. இரண்டாவது கோடை முடிவதற்குள் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

இறக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பலகையில் ஒரு துளை. அதன் வழியாக ஐந்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு, ஐந்து மீட்டர் யுஎஸ்பி கேபிள் ஒன்று. யுஎஸ்பி 2.0-க்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. சாதாரண எச்டிஎம்ஐ கேபிளும் அதற்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும். எனவே மேசைக்கு நேர் கீழே கணினி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவை திரை, விசைப்பலகை, யுஎஸ்பி ஹப், ஒரு விளக்கு மட்டும். சத்தம் போய்விட்டது, சூடு போய்விட்டது, தூசியும் பெட்டிக்குள் போவதில்லை. மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. மதியம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம்.

அடுத்து எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி. இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீட்டு மச்சில் பெரும்பாலும் ஒரே ஒரு பல்புக்கு இரண்டு கம்பிதான் போயிருக்கும். நானும் அதிலிருந்து பிளக் எடுத்தேன். பல நாள் ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த பலகையின் மேல் நின்றால் எதுவும் தெரியாது. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், ஊறிப்போயிருந்த முக்கோணச் சுவரில் இடது கையை ஊன்றிக்கொண்டு வலது கையால் கணினிப் பெட்டியின் பின்பக்கம் துழாவினேன். முழங்கை வரை எறும்பு ஊர்ந்தது போல ஒரு கடி. டெஸ்டரை வைத்தால் பெட்டி முழுவதும் விளக்கு எரிகிறது.

கணினி கெட்டுப்போகவில்லை. அதன் பவர் சப்ளைக்குள் மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் இருந்தால் கசிகிற துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில், பெட்டி காத்துக்கொண்டிருக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் கடியோடு போயிற்று. ஆனால் எர்த் இல்லாத அதே வயரிங்கில் உண்மையான பழுது வந்தால் கடியோடு நிற்காது.

எலக்ட்ரீஷியன் கிணற்றடியில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தார். மச்சுக்குத் தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிப்பது), பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, எல்லாம் பிவிசி குழாய்க்குள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. கூரை முழுக்கக் காய்ந்த மரம், இறங்க ஒரே ஒரு ஏணிப்படி. எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மேல் எக்ஸ்டென்ஷன் பெட்டி மாட்டும் இடம் இது இல்லை. சிறிய தீயணைப்பு சிலிண்டர் ஒன்று படி அருகே தொங்கட்டும்.

மதர்போர்டு போன கதை இடி. கீழே மோடத்திலிருந்து மேலே கணினிக்கு, சுவருக்கு வெளியே இணைய இணைப்புக்கான செம்புக் கம்பி லேன் கேபிளை இழுத்திருந்தேன். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. வீட்டில் பல்புகூட அணையவில்லை. கணினியின் லேன் போர்ட்டும் அதோடு மதர்போர்டும் போயின. விலை கூடிய சர்ஜ் பாதுகாப்புப் பட்டை மாட்டித்தான் இருந்தேன். அது மின் கம்பி வழியாக வருவதைத்தான் பார்க்கும், அதற்கும் எர்த் வேண்டும். லேன் வழியாக வருவதை அது எப்படித் தடுக்கும்? இப்போது வெளியே ஓடுவது மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை ஃபைபர் மட்டும். செம்புக் கம்பி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது.

யுபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டையும் மச்சில் ஏற்றாதீர்கள். 150 ஏஎச் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், சூட்டில் அதன் ஆயுளும் பாதியாகும். எந்நேரமும் ஓடும் சர்வர் வைக்கும் எண்ணம் இருந்தால் கரண்ட் பில்லையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 100 வாட் இயந்திரம் ஒன்று இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும்.

மழை பற்றி எங்கள் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது பறந்த ஓடுகளுக்குப் பதில் மாற்றிய ஓடுகளில் சில வேறு அச்சு. இடுக்கு சரியாகச் சேரவில்லை. அவைதான் பிறகு ஒழுகின. அதனால் மாற்று ஓடு வாங்கும்போது கையில் பழைய ஓடு ஒன்றைக் கொண்டு போங்கள். கண்ணாடி ஓடு இருந்தால் மேசை போடும் முன் ஒரு நாள் முழுவதும் அதன் வெளிச்சம் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். எனக்குப் பதினொரு மணிக்குச் சரியாகத் திரையின் நடுவில் விழுந்தது, அலுவலகக் கூட்டம் நடக்கும் நேரம் பார்த்து.

அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைக்கு மேல் இருக்கும் இரண்டடிக் கான்கிரீட் பரணைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். மோடமும் சின்னச் சேமிப்புப் பெட்டியும் வைக்கலாம், கதவில் காற்றுத் துளை போட்டால். மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடென்றால் அதுவும் வேண்டாம். சமையலறைப் பரண் எந்த வீட்டிலும் வேண்டாம்; எண்ணெய்ப் புகை விசிறியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக, முன்பிருந்தே மச்சில் குடியிருப்பவர்கள். மரநாய் ஆள் நடமாட்டம் கண்டதும் ஒரு வாரத்தில் தானாகவே போய்விட்டது. பல்லிகள் போகவில்லை, போகவும் மாட்டா. எலிதான் பகை: கேபிள் துளை வழியாக ஏறி இறங்கி, யுஎஸ்பி கேபிளை இரண்டு முறை கடித்தது. துளையில் துணி அடைத்தேன், கொறித்துவிட்டது. சிமெண்ட் பூசினால் கேபிளை மாற்ற முடியாது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்த பிறகு எலி வரவில்லை. எங்கள் ஊர் ஈரத்துக்கு அது ஆறு மாதத்தில் துருவேறிப் பொடிந்துவிடும், மாற்ற வேண்டும். சமையலறையிலிருந்துதான் எடுக்கிறேன். அம்மா இப்போதெல்லாம் கடையில் ஒன்று சேர்த்தே வாங்குகிறார்.